கோட்டை விட்ட தண்ணீர்

மேல்மாடி வீடுதான் வேண்டும் என்று டீக்காரம்மா கேட்டு வாங்கியிருந்தார். பாலத்தடியில் குடியிருந்த ஆண்டுகளில் ஆறு இருமுறை அவர் வீட்டுக்குள் வந்து போயிருந்தது. வீடு என்பது இவ்விடத்தில் இரண்டு தார்ப்பாய்களையும் பாலத்தின் ஒரு தூணையும் குறிக்கும். வெள்ளம் வராத மாதங்களில் வெயில் வந்தது. முன்பெல்லாம் இரண்டும் முறை வைத்துக்கொண்டு வந்தன. இப்போது ஒன்று கிளம்புவதற்குள் மற்றொன்று வந்து நின்றது. ஆகவே, பாலத்தடிக் குடும்பங்களுக்காகப் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றைக் குடியிருப்பாக மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே, தண்ணீர் எட்டாத உயரத்தை அவர் தேர்ந்தெடுத்துவிட்டார்.

சாவி இன்று மாலை. நாத்தனார் பச்சைக் குழந்தையோடு மருத்துவமனையிலிருந்து வெளியே வருவதும் இன்று மாலைதான். "பிள்ளையத் தூக்கிட்டுப் பாலத்துப் பக்கம் வந்துடாத. நேரா வீட்டுக்கு வா" என்று டீக்காரம்மா சொல்லி அனுப்பியாயிற்று. சொன்ன சொல்லைத் திரும்பப் பெறும் பழக்கம் அவருக்கு இல்லை.

மாலையில் சாவி என்றால் காலையிலேயே போய் நிற்பதுதான் முறை எனப் பாலத்தடி முழுவதும் மூட்டை முடிச்சுகளோடு திரண்டு போயிருந்தது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. மொட்டைமாடிக் கதவு மட்டும் திறந்திருந்தது. ஏறிப் பார்த்தவர்கள் மற்றவர்களையும் கூவி அழைத்தார்கள். வெள்ளை பூசிய தளத்தின் மேல், ஒரு சுற்றுச்சுவரிலிருந்து மறு சுற்றுச்சுவர் வரை, கணுக்கால் ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர்.

"வெள்ளத்துக்குப் பயந்து மேல ஏறினா, அது நமக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கு" என்றார் டீக்காரம்மாவின் கணவர். அவர் சந்தையில் மூட்டை தூக்குபவர்; முதுகில் பாரம் இல்லாதபோது வாய் ஓயாது.

"வாயக் கழுவுங்க. வெயில் தாங்க மாட்டோம்னு நமக்காக விட்டு வச்சிருக்காங்க" என்றார் டீக்காரம்மா.

இந்த விளக்கத்தை எவரும் மறுக்கவில்லை. அன்றைய வெயிலில் மறுக்கும் தெம்பும் எவருக்கும் இல்லை.

அடுத்து நடந்தவற்றை வரிசைப்படுத்துவது கடினம். டீக்காரம்மா குழந்தைக்கென்று சேர்த்து வைத்திருந்த துணிகளை அலசினார். அதைப் பார்த்துப் போர்வைகள் வந்தன. போர்வைகளைப் பார்த்துப் பாய்கள் வந்தன. மீன்காரம்மா கூடையைக் கழுவினார். பிள்ளைகள் குதித்தன. நிரம்பிய குடங்கள் கீழே இறங்கின. மூட்டைக்காரர் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்து, இனி யார் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதாக இல்லை என்று அறிவித்தார். சுற்றுச்சுவரின் உட்பக்கத்தில் நீலப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. தண்ணீர் அதைத் தொட்டு நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. தொடாமல் போனதையும் கவனிக்கவில்லை.

மாலையில் சாவிக்கொத்தோடு இன்ஜினியர் வந்தபோது, எல்லாரும் தலை வாரி, பளிச்சென்று, மேல்மாடி நடையில் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர் கொத்தனாருடன் மொட்டைமாடிக்கு ஏறினார். இறங்கியபோது முகம் சுண்டியிருந்தது.

"இன்னிக்குச் சாவி கிடையாது" என்றார். "கூரை ஒழுகுதான்னு பாக்கத்தான் தண்ணி கட்டி வச்சிருந்தோம். கோடு வரைக்கும் நின்னிருக்கணும். தண்ணி கோட்டை விட்டு மூணு விரல் இறங்கியிருக்கு. போதாததுக்குக் கலங்கிக் கிடக்கு; மண்ணு எந்த வழியா வந்ததுன்னே புரியல. தளத்தைக் கொத்திப் பாத்தாதான் தெரியும்."

"எப்ப முடியும் சார்?"

"மழைக்கு முன்னாடி முடிஞ்சா நல்லது."

டீக்காரம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆட்டோ எந்த நேரமும் வரலாம். உண்மையைச் சொன்னால், வீட்டுக்கு லாயக்கில்லாதவர்கள் என்று அடியோடு விரட்டிவிடக்கூடும். சொல்லாவிட்டால், ஓட்டையே இல்லாத கூரையில் ஓட்டை தேடிக் கொத்துவார்கள். கணவர் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். டீக்காரம்மா கையை உதறினார்.

"சார், அது ஒழுகல. நாங்க துவைச்சோம்."

"என்னது?"

"துணி. பாய். எல்லாம்." அவர் படிக்கட்டுக் கைப்பிடியைக் காட்டினார். மாடியிலிருந்து தரை வரை வண்ண வண்ணமாகத் துணிகள் தொங்கின. ஏறி வரும்போது அவற்றை விலக்கிக்கொண்டுதான் இன்ஜினியர் வந்திருந்தார்.

கொத்தனார் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் ரெண்டு குடம் எடுத்தேன்" என்றார் மீன்காரம்மா. "கூடையும் கழுவினேன். பொய் சொல்ல மாட்டேன்."

"நான் குளிச்சேன் சார்."

"நாங்க நாயையும் குளிப்பாட்டினோம்."

வாக்குமூலங்கள் நாலாபக்கமும் குவிந்தன. இன்ஜினியர் கையை உயர்த்தினார். "நீங்க ஊரையே துவைச்சிருந்தாலும் மூணு விரல் இறங்காதும்மா. எவ்வளவு பெரிய தளம் அது! மிச்சத் தண்ணி எங்க போச்சு?"

வந்த வாக்குமூலங்களில் ஒன்று குறைவதை டீக்காரம்மா உணர்ந்தார். திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"நீங்க ஏன் பேசாம நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னு சொல்ற ஆளா நீங்க?"

மூட்டைக்காரர் தரையைப் பார்த்தார். "மூலையில குழாய் வாயில சாக்கு அடைச்சிருந்துச்சு. அழுக்குத் தண்ணி போகட்டுமேன்னு கொஞ்ச நேரம் எடுத்து விட்டேன். அப்புறம் அடைச்சுட்டேன், சார். இருந்ததைவிட நல்லாவே அடைச்சேன்."

"தண்ணி கோட்டை விட்டுச்சாம்!" என்றார் டீக்காரம்மா. "கோட்டை விட்டது நீங்க!"

நடை முழுவதும் சிரிப்பு வெடித்தது. இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை; ஆனால் அவர் மீசை அசைந்ததைப் பலர் பின்னர் உறுதிப்படுத்தினர்.

"சரி. மறுபடி கோடு வரைக்கும் நிரப்புவோம். காலையில இறங்காம இருந்தா எல்லாருக்கும் சாவி."

"காலையிலயா? சார், பச்சைப் பிள்ளை வந்துக்கிட்டிருக்கு." டீக்காரம்மா ஓரடி முன்னால் வந்தார். "மேல தண்ணி நிக்கட்டும், கீழ நாங்க இருக்கோம். ஒழுகினா முதல்ல எங்க தலையிலதானே விழும்? எங்களைவிட நல்லா யாரு சார் பாத்துச் சொல்லப் போறா?"

இன்ஜினியர் இதற்கு விதி தேடினார். அனுமதிக்கும் விதி கிடைக்கவில்லை. தடுக்கும் விதியும் கிடைக்கவில்லை. சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றினார்.

"கண்ணை எடுக்காமப் பாக்கணும். ஈரம் தெரிஞ்சா ஒரு சத்தம் கொடுங்க."

டீக்காரம்மா கதவைத் திறந்தார். வெளியே அனல் பறந்த அந்த வேளையிலும், தலைக்கு மேல் தண்ணீர் நின்ற அந்த அறை குளுகுளுவென்றிருந்தது. இடம் கொண்டமட்டும் எல்லாரும் உள்ளே நுழைந்து அண்ணாந்து நின்றார்கள். மேலே கொத்தனாரின் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் ஓசை கேட்டது.

நாத்தனார் குழந்தையோடு வாசலில் வந்து நின்றபோது ஒருவர்கூடத் திரும்பவில்லை.

"பிள்ளையப் பாக்காம எல்லாரும் என்னத்த அண்ணாந்து பாக்குறீங்க அண்ணி?"

"நம்ம கூரைடி! உள்ள வா, உள்ள வா!"

தாய்மாமன் என்ற உரிமையில் மூட்டைக்காரர் குழந்தையைக் கையில் வாங்கினார். இட்ட பணியை மறக்காமல் பார்வையைக் கூரையிலேயே வைத்திருந்தார். சற்று நேரத்தில் அவர் உடல் விறைத்தது.

"ஒழுகுது!" என்று அலறினார். "ஒழுகுது சார், ஒழுகுது!"

இன்ஜினியர் நனைந்த கால்சட்டையோடு படிகளில் தடதடவென்று ஓடி வந்தார். "எங்க? எந்தப் பக்கம்?"

மூட்டைக்காரர் குழந்தையை மார்பிலிருந்து விலக்கித் தூக்கிப் பிடித்தார். அவர் சட்டை வயிறு வரை நனைந்திருந்தது. குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் அப்போதும் டார்ச் அடித்துக் கூரையின் நான்கு மூலைகளையும் பார்த்தார். "கூரை காய்ஞ்சுதான் இருக்கு" என்று அறிவித்துவிட்டு வெளியேறினார். அவர் உரக்கச் சிரித்தது மொட்டைமாடிக்குப் போன பிறகுதான்.

மறுநாள் காலையில் எல்லா வீடுகளின் சாவிகளும் கொடுக்கப்பட்டன. மொட்டைமாடிக் கதவின் சாவியை மட்டும் இன்ஜினியர் தம்மிடமே வைத்துக்கொண்டார்.