சபாஷ் சாரும் இயக்குநரின் பாட்டும்

தூதரகத்தில் இரண்டாம் செயலாளருக்கு அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் சபாஷ். பள்ளிக்கூட ஓவியப் போட்டியா, சபாஷ். பாலத் திறப்பு விழாவா, சபாஷ். எதிரே இருப்பவர் தும்மி முடித்தாலும் பாராட்டிவிடுவார் என்று ஓட்டுநர்கள் சிரித்துக்கொள்வார்கள். வேலை அப்படி. பகை நாடு என்றால் முறைத்துக்கொண்டே காலத்தைத் தள்ளிவிடலாம். நட்பு நாட்டில் காலை முதல் இரவு வரை பல்லைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தாடை வலிக்குத் தனிப்படி கிடையாது.

அந்த வாய்தான் இன்று அவரை மாட்டிவிட்டது.

அந்த நாட்டு வெளியுறவுத் துறையில் நம் விவகாரங்களைக் கவனிப்பவர் ஓர் இயக்குநர். தங்கமான மனிதர், ஆனால் கோப்பு மட்டும் நகராது. ஒருநாள் சபாஷ் அவர் அறையில் காத்திருந்தபோது, இயக்குநர் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். இவர் பழக்க தோஷத்தில், "என்ன குரல் சார் உங்களுக்கு!" என்று சொல்லிவைத்தார். அன்றே கோப்பு நகர்ந்தது. அதற்குப் பிறகு எந்தச் சந்திப்பும் பாட்டில்லாமல் தொடங்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சபாஷ், ஒவ்வொரு சபாஷுக்கும் ஒரு கையெழுத்து. இரு நாட்டு உறவும் அமோகமாக வளர்ந்தது.

இன்று காலை இயக்குநர் தொலைபேசியில் கேட்டார். "சாயங்காலம் உங்க தூதரகத்து ஆண்டு விருந்துல நான் ஒரு பாட்டு பாடட்டுமா? உங்க பாஷையிலயே கத்துக்கிட்டேன்."

"சபாஷ்!" மூளை விழிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

தூதர் ஒரு கண்டிப்பான அம்மாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வேண்டாம்னு சொன்னா அவர் மனசு கோணும். பாடட்டும். ஆனா அத்தனை நாட்டுக்காரங்களும் வர்ற இடம். ஒருத்தர் சிரிச்சாலும் அவருக்கு அவமானம், நமக்குத் தலைகுனிவு. உங்க பணி நீட்டிப்பு விஷயம் என்கிட்டதான இருக்கு? ராத்திரி பாத்துக்கலாம்."

சபாஷின் மகள் இப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்திருக்கிறாள். இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருந்தால்தான் பரீட்சையை முடிப்பாள். இல்லாவிட்டால் நடுவில் பிடுங்கி, வேறு நாட்டில், வேறு பாடத்திட்டத்தில் நட வேண்டும்.

வீட்டில் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"என் சமையலுக்கு இதுவரைக்கும் ஒரு சபாஷ் வந்திருக்கா? ஊரான் பாட்டுக்கு மட்டும் வாயெல்லாம் தேன்."

"ஏம்மா, எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்தாத. அவர் நிஜமாவே அவ்வளவு மோசமாத்தான் பாடுவாரா?"

"இவ்வளவு நாள் கேட்டது நீங்களா, நானா?"

மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அப்பா, போன தடவை அவர் போன்ல பாடினப்ப ஸ்பீக்கர்ல போட்டீங்களே, பூனை கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சிக்கிச்சு."

"நீ சிரிச்சேன்னா உன் பள்ளிக்கூடத்துக்கே ஆபத்து. ஞாபகம் வெச்சுக்கோ."

சாயங்காலம் தூதரகக் கூடம் நிரம்பி வழிந்தது. கோட்டுகள், பட்டுப் புடவைகள், கையில் தட்டுடன் பல நாட்டுத் தூதர்கள். சபாஷ் ஒலிபெருக்கிக் கம்பி சுவரில் செருகியிருந்த இடத்தில் போய் நின்றார். தரையை ஒட்டி ஒரு சுவிட்ச். தற்செயலாகக் கால் பட்டால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இந்த யோசனை காரில் வரும்போதே உதித்திருந்தது. அதை யோசனை என்று ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

இயக்குநர் மேடையேறினார். மார்பில் கை வைத்தார். தொடங்கினார்.

தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு மாடிப்படியில் உருட்டிவிட்டது போலிருந்தது. அதுவும் நம் மொழியில். வாய்க்கருகே கொண்டுபோன பலகாரத்தோடு ஒரு தூதர் அப்படியே உறைந்தார். இன்னொருவரின் தோள் லேசாகக் குலுங்கத் தொடங்கியது. மகள் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். தூதர் அம்மாளின் கண் கூட்டத்தைத் துழாவி சபாஷின் மேல் வந்து நின்றது. குலுங்கிய தோள் இன்னும் வேகமாகக் குலுங்கியது.

கால் பட்டுவிட்டது.

ஒலிபெருக்கி செத்தது. அப்பாடா என்று சபாஷ் விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. இயக்குநர் நிறுத்தவில்லை. மைக்கை ஓரமாக வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, இரு மடங்கு சத்தத்தில் பாடியபடி, நேராக சபாஷின் எதிரில் வந்து நின்றார். இயக்குநரின் ஒரே ரசிகர் சபாஷ்தானே! கடைசி வரியை மூக்குக்கு மூக்கு நின்று பாடி முடித்தார்.

பழகிய வாய் சபாஷைக் கைவிடவில்லை.

"சபாஷ்!"

அடுத்த நொடி கைதட்டல் பொரிந்தது. கூடியிருந்த அத்தனை பேருக்கும் அதுதானே பிழைப்பு? தோள் குலுங்கியவர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. உருகிவிட்டார் என்று இயக்குநர் எடுத்துக்கொண்டார்.

"மைக் போனதும் நல்லதாப் போச்சு," என்று தூதர் அம்மாளிடம் வந்தார் இயக்குநர். "கிட்ட வந்து பாட முடிஞ்சது. மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இவரை இப்போதைக்கு மாத்திடாதீங்க. பாட்டு கேக்கத் தெரிஞ்ச ஆள் கிடைக்கிறது கஷ்டம்."

தூதர் அம்மாள் சபாஷின் காலையும் சுவரில் இருந்த சுவிட்சையும் ஒரு முறை பார்த்தார். "அதுக்கென்ன, ஒரு வருஷம் இருக்கட்டும். நாளைக்கே எழுதிடறேன்."

சபாஷுக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து இயக்குநரின் மனைவி அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"நீங்கதானா அது? கல்யாணம் ஆன நாள்லேருந்து இவர் பாட்டை அடக்கி வெச்சிருந்தேன். கெடுத்துட்டீங்களே!"

பதில் சொல்வதற்குள் இயக்குநர் பின்னாலிருந்து தோளை அணைத்தார். "சனிக்கிழமைதோறும் உங்க வீட்டுக்கு வரேன். உங்க பொண்ணு கீபோர்டு வாசிக்குமாமே? உங்க வீட்டம்மா சொன்னாங்க."

வீடு திரும்பும்போது காரில் மகள்தான் பின்சீட்டிலிருந்து பேச்சைத் தொடங்கினாள்.

"அப்பா, வேற நாட்டுப் பாடத்திட்டம் ரொம்பக் கஷ்டமாவா இருக்கும்?"

மனைவி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். "பஞ்சு வாங்கணும்," என்றாள், "பெரிய பொட்டலமா."

"சபா..." என்று தொடங்கிய சபாஷ், வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.