கழுவாமல் அடித்த வெள்ளை

மனைவி இறந்து எட்டு மாதம் கழித்து சிகரெட்டை விட்டேன். அவள் கேட்டபோது விடவில்லை.

எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு அறுபது பேரிடமாவது சொல்வேன்: "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. ம், விடுங்க." ரிப்போர்ட் டைப் செய்யும் அக்கா கிண்டல் செய்வார். "ஊரார் நெஞ்சையெல்லாம் படம் பிடிக்கிறே. உன் நெஞ்சுக்குள்ள என்னைக்குப்பா எட்டிப் பாக்கப் போறே?" சிரித்துவிட்டுப் பின்பக்கப் படிக்கட்டில் போய்ப் பற்றவைப்பேன்.

ஒரு காலையில் என் மகளையே அந்த எக்ஸ்ரே பலகை முன்னால் நிறுத்த வேண்டியிருந்தது. ஐந்து வயது. பட்டாணி என்பது அவள் அம்மா வைத்த செல்லப்பெயர். இரண்டு நாளாக நெஞ்சில் விசில் சத்தம். "இழுத்துப் பிடிடா தங்கம்" என்றேன். அவளால் பிடிக்க முடியவில்லை. இருமினாள். படம் கலங்கிவிட்டது. இரண்டாவது படமும் கலங்கியது.

மாமனார் அன்றே வந்து அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். சத்தம் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"மாப்பிள்ளை, என் பொண்ணு போனதுக்கு உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். அது விதி. இது விதி இல்ல. நாப்பது நாள் அந்தச் சனியனைத் தொடாம இருங்க. நானே வந்து பாக்குறேன். வீட்டுல வாடை இல்லேன்னா மறுநாளே குழந்தையைக் கொண்டுவந்து விடுறேன்."

"இருந்தா?"

"இருந்தா எங்ககிட்டயே வளரட்டும்."

என் மனைவிக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் சிகரெட்டைத் தொட்டதுகூட இல்லை. அவள் இருந்தவரை படுக்கையறை ஜன்னலருகில் நின்று பிடிப்பேன். போன பிறகு ஜன்னல் வரைக்கும் போகவில்லை. கட்டிலிலேயே பிடித்தேன்.

விட்ட முதல் வாரம் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டைப்பையைத் தடவுவேன். பேனா இருக்கும். மூன்றாம் வாரம் மாடிப்படி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. சாப்பாட்டில் உப்பும் புளிப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சமைத்த ஏழு வருஷமும் நாக்கு செத்துக் கிடந்திருக்கிறது.

மூக்கும் திரும்பி வந்தது. வந்த பிறகுதான் படுக்கையறை எப்படி நாறுகிறது என்று தெரிந்தது. முப்பதாம் நாள் லீவு போட்டு நானே வெள்ளை அடித்தேன். உலர்ந்ததும் பளிச்சென்று இருந்தது. நான்காம் நாள் வெள்ளையின் மேல் பழுப்பு கசிந்து, கோடு கோடாக வழிந்திருந்தது. வாடையும் அப்படியே.

பெயிண்டரைக் கூப்பிட்டேன். விரலால் சுவரைத் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"கழுவாம அடிச்சீங்களா?"

"ஆமா."

"படிச்சவங்கதானே சார்? அழுக்கு மூஞ்சியில யாராவது பவுடர் பூசுவாங்களா? இது புகைக்கறை. சோப்புத் தண்ணி வச்சுத் தேய்ச்சு எடுக்கணும். இல்லேன்னா எத்தனை கோட் அடிச்சாலும் வெளிய வந்து பல்லைக் காட்டும்."

"இவ்வளவு மஞ்சளா இருக்கே. பழைய பெயிண்டும் மஞ்சள்தான்."

"அது அடிச்ச மஞ்சளா, பிடிச்ச மஞ்சளா, கழுவினாத் தெரிஞ்சிடும்."

இருவருமாக பீரோவை நகர்த்தினோம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அசையாத பீரோ. அதன் பின்னால் சுவர் நீலமாக இருந்தது. வெளிர் நீலம். கறை இல்லை.

"உங்க சுவர் நீலம் சார்" என்றார் பெயிண்டர்.

எனக்கு நினைவில்லை. பிறகு வந்தது. குடியேறுவதற்கு முந்தின வாரம் அவள் பெயிண்ட் அட்டையை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு, "இது பாருங்க, இது பாருங்க" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான் ஜன்னலுக்கு வெளியே புகையை விட்டபடி "எதுன்னாலும் சரிம்மா" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கழுவிய தண்ணீர் டீ நிறத்தில் தரையில் ஓடியது. மூன்று நாள் கழுவினோம். பெயிண்டர் நீலத்தைச் சுரண்டி எடுத்துப்போய் அதே நிறம் கலந்து வந்து அடித்தார். திரைச்சீலை, மெத்தை விரிப்பு, அவளுடைய புடவைகள் எல்லாவற்றையும் இரண்டு தடவை அலசினேன். புடவைகளில் அவள் வாடை மிச்சமிருக்கும் என்று நினைத்திருந்தேன். என் வாடைதான் இருந்தது.

நாற்பதாம் நாள் மாலை மாமனார் வந்தார். தலையணையை முகர்ந்தார். பீரோவைத் திறந்து முகர்ந்தார். என் பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார். பிறகு சுவரைத் தடவினார்.

"அவ எடுத்த கலர்" என்றேன்.

"தெரியும். போன்ல அரைமணி நேரம் சொன்னா." தடவிய விரலை முகர்ந்தார். "பெயிண்ட் வாடை அடிக்குதே மாப்பிள்ளை. பிள்ளைக்கு இதுவும் ஆகாது. பத்து நாள் போகட்டும்."

அவர் படியிறங்கியதும் நான் பெட்டிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்காமலே என் பாக்கெட்டை எடுத்து வைத்தார். "எங்க சார், ஆளையே காணோம்? வெளியூரா?" பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "தீப்பெட்டி மட்டும் குடுங்க" என்றேன். வீட்டில் அடுப்புக்கு லைட்டர் இருக்கிறது. தீப்பெட்டி இன்னும் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

பத்து நாளும் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

பட்டாணி ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தாள். படுக்கையறை வாசலில் நின்றுவிட்டாள்.

"இது யாரு வீடு?"

"நம்ம வீடுதான்."

"பொய். நம்ம வீடு மஞ்சள்."

"இல்லடா. அம்மா நீலம்தான் அடிக்கச் சொன்னா. நான்தான் மஞ்சளாக்கினேன்."

"ஏன்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. உள்ளே ஓடி, கட்டிலில் ஏறி, குதித்து இறங்கினாள். விசில் இல்லை. உன்னிப்பாகக் கேட்டேன். இல்லை.

சமையலறையிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்தாள். என்னைச் சுவரோடு நிறுத்தித் தட்டை என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"ஆடாதீங்க. மூச்சை நல்லா இழுங்க."

இழுத்தேன். புதுப் பெயிண்ட் வாடை லேசாக இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"அப்படியே பிடிங்க."

பிடித்தேன். அதற்குள் ஜன்னலில் ஏதோ பறவை வந்து உட்கார்ந்தது. தட்டை என் கையில் திணித்துவிட்டு அங்கே ஓடினாள். விடச் சொல்ல மறந்துவிட்டாள். நான் தட்டோடு நின்றேன். இரண்டு மாதம் முன்னால் இவ்வளவு நேரம் பிடித்திருக்க முடியாது.