நாலுக்கு நாலு

1

இந்தக் கதை எனக்குத் திருச்சுழி பஸ்ஸில் கிடைத்தது. 1992. முன் சீட்டுப் பெரியவர் கண்டக்டரிடம் சொன்னார்: "என் மக எனக்கு நாலுக்கு நாலு போட்டா, தெரியும்ல!"

மகள் டீச்சர் போலும் என்று நினைத்தேன். இல்லை, டாக்டர். மார்க் போட்டது அவருடைய இரைப்பைக்கு. பூஜ்யம் என்றால் உள்சுவர் வழவழப்பாக இருக்கிறது; நாலு என்றால் புண்.

புண்ணுக்கு ஒரு மனிதர் ஏன் இப்படிப் பெருமைப்பட வேண்டும்? (மற்றதெல்லாம் என் கற்பனை.)

2

முதல் முயற்சி: "மல்லிகை மணக்கும் மாலையில் நர்கிஸின் விழிகள்..."

வேண்டாம். குடும்பக் கதைகளில் இதயத்தையே எழுதிப் பழகிய கை. இம்முறை கொஞ்சம் கீழே இறங்க வேண்டும்.

நர்கிஸ், அதாவது அந்த மகள், மதுரையில் டாக்டர். வலி மாத்திரை இரைப்பையை எவ்வளவு அரிக்கிறது என்று அளப்பது அவள் ஆய்வு. அதற்கு, வெறும் வயிற்றில் டீயோடு மாத்திரை போடும் அருப்புக்கோட்டைத் தறிக்காரர்கள் வேண்டும். ஒருவரும் வரவில்லை. ஆள் சேராவிட்டால் ஆய்வே இல்லை.

"கேமரா வச்ச கொழாய முழுங்கணுமாம்ல?" என்றார் தறிக்கார மாரிச்சாமி, அவள் அத்தா, பஸ்ஸில் வந்த அப்பா, மீரா சாகிபுவின் பலசரக்குக் கடை வாசலில். "ஏன் பாய், ஒங்க மகளுக்கு எங்க வயிறுதான் கெடச்சுச்சா?"

சாகிபு அந்த மாத்திரையை விற்பவர். முட்டிவலிக்குத் தினமும் போடுபவரும்கூட.

"ஏலே, மொத வயிறு என்னோடது. நான் உசுரோட வந்தா நீ போறியா?"

"வாங்க, போறேன்."

வந்தார். மாரிச்சாமி போனார். பின்னால் தெருவே போனது, பக்கத்துப் பரளச்சிக் காட்டுவேலைக்காரர்கள்கூட.

3

குழாயை இறக்கியது தோழி பிரவீணா. நர்கிஸிடம் வந்தவை படங்கள் மட்டும், பெயர் கிடையாது. யாருடையது என்று தெரிந்தால் மனசு சாயும் அல்லவா? ஒரு படத்துக்குத் தயங்காமல் நாலு போட்டாள். பெயர்களைத் திறந்தால், அத்தா.

அவள் அழுதாள் என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.

"தெரிஞ்சிருந்தா மூணு போட்டிருப்பேனோ என்னமோ, அத்தா."

"அதுக்குத்தான தெரியாமப் போடச் சொல்லிருக்காக! எரியிற வயிறு எனக்குத் தெரியாதா? சரியாப் பாத்துருக்க தாயி."

அன்றிலிருந்து அவர் மாத்திரையை வாயில் போடவில்லை. பெருமையும் அன்றிலிருந்துதான்.

4

முடிவு ஒன்று: மாத்திரை டப்பாவைக் கடையிலிருந்தே எடுத்துவிடுகிறார். (மாரிச்சாமி எதிர்க்கடையில் வாங்குவார்.)

முடிவு இரண்டு: சாப்பிட்டவருக்கு மட்டும் விற்கிறார். (யார் உண்மை சொல்வார்கள்?)

மூன்று: விடிகாலை. மாரிச்சாமி வெறும் வயிற்றோடு வந்து கை நீட்டுகிறார். "இடுப்பு விட்டுப்போச்சு பாய். ஒண்ணு குடுங்க, தறிக்குப் போகணும்."

"ஒனக்கு எத்தனலே போட்டா?"

"ரெண்டு."

"எனக்கு நாலு!" என்று நெஞ்சை நிமிர்த்திக் கையை உயர்த்துகிறார் சாகிபு. இந்தப் பக்கம் மாத்திரை டப்பா. அந்தப் பக்கம் வாழைத்தார்.

கை எங்கே இறங்க வேண்டும்? எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. நான் சொன்னால் மனசு சாயும். நீங்கள் சொல்லுங்கள். அவர் பெயரை மட்டும் மறைத்துவிட்டு.