பிளக்கின் நிறம்

சூடாக இருந்த ஸ்பார்க் பிளக்கைத் துணியால் சுற்றிப் பிடித்து, வெயிலுக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அக்கா. நல்ல பிஸ்கட் நிறம். ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து எரிந்தால் பிளக்கின் முனை இந்த நிறத்தில்தான் இருக்கும். ஆனால் எஞ்சினில் மற்ற எல்லாமே வேறு கதை சொல்லின. ஆக்சிலேட்டரிலிருந்து தம்பி காலை எடுக்கும்போதெல்லாம் புகைக்குழாய் படபடவென்று வெடித்தது. சூட்டைக் காட்டும் முள் சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போனது. பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சிப்போன எஞ்சினின் லட்சணம் அத்தனையும் இருக்க, பிளக் மட்டும் பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் தெரியாது என்றது.

தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறவன். வாரம் முழுக்கப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக ஊர்ந்துவிட்டு, விடுமுறை நாளில் இந்தக் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்துக்கு வந்து பந்தய வண்டியில் பறப்பான். வண்டி அக்கா கட்டியது. ஜெனரேட்டரும் தண்ணீர் பம்பும் பழுதுபார்க்கிற தன் பட்டறையின் பின்பக்கத்தில், உடைக்கப் போட்டிருந்த ஒரு காரிலிருந்து அதை அவள் உருவாக்கியிருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, வண்டியும் ஒவ்வொரு பந்தயத்திலும் கடைசி இடத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றி வந்தது. இந்த சீசனில்தான் என்ன வந்ததோ தெரியவில்லை, முன்னால் போக ஆரம்பித்துவிட்டது. இன்று சாயங்காலம் இறுதிப் பந்தயத்தில் அவனும் ஒருவன். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கோ பயம். பெட்ரோல் போதாமல் எரிகிற எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். நீண்ட நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போகும்போது பிஸ்டன் உருகிச் சிக்கிக்கொண்டால் பின்சக்கரங்கள் அப்படியே இறுகிவிடும். அப்புறம் வண்டி யார் பேச்சையும் கேட்காது.

"அதான் பிளக்கே நல்லா இருக்கேக்கா. இன்னும் என்னத்த நோண்டுற?"

"நேர்ப்பாதை முடியிற இடத்துல, அதே வேகத்துல எஞ்சினை அணைச்சிடுன்னு சொன்னேனே. அணைச்சியா?"

"மறந்துட்டேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்ன."

"நடுவழியில நின்னு, நாலு பேர் தள்ளிக்கிட்டு வரணுமா? மானம் போயிடும்க்கா."

முழு வேகத்தில் இருக்கும்போதே அணைத்தால்தான் பிளக் அந்த வேகத்தின் நிறத்தோடு நிற்கும். ஆடி அசைந்து மெதுவாக ஓட்டி வந்தால் வழியிலேயே நிறம் மாறிவிடும். இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் இணைப்புகளில் கிளீனரைப் பீய்ச்சிப் பார்த்தாள். எங்காவது கசிந்தால் எஞ்சின் சத்தம் மாறும். மாறவில்லை. பம்பு சரியாக இருந்தது, வடிகட்டி புதிது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரை மட்டும் அவள் திறக்கவில்லை. தன் கையால் பூட்டியதைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை.

"ஹெல்மெட்டைக் குடு. ஒரு சுத்து நான் போறேன்."

"நீயா? வேண்டாம்க்கா, நானே அணைக்கிறேன்..."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பயிற்சி நேரத்தில் யார் ஓட்டினாலும் கேட்பாரில்லை.

முதல் வளைவைத் தாண்டி ஆக்சிலேட்டரை அழுத்தியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கட்டிய எஞ்சின் இப்படி ஓடாது. காலை வைப்பதற்குள் பாய்ந்தது. மந்தம் என்பதே இல்லை. உடம்பு இருக்கையோடு ஒட்டிக்கொள்ள, ஒரு கணம் அவளே சிரித்துவிட்டாள். கூடவே பயமும் வந்தது. பிஸ்டன் உருகுவதற்கு முன்னால் எஞ்சின் இப்படித்தான் தேவாமிர்தமாக ஓடும் என்பது அவளுக்குத் தெரியும். நேர்ப்பாதையின் முடிவில் கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பினாள். காற்றின் இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது. வண்டி தானாகவே உருண்டு புல்லில் போய் நின்றது.

"என்னம்மா, படுத்துடுச்சா?" என்று கேட்டபடி கொடிக்காரர் ஓடிவந்தார்.

"இல்லண்ணே, நான்தான் நிறுத்தினேன்."

அங்கேயே மூடியைத் திறந்து பிளக்கைக் கழற்றினாள். முனை சாக்பீஸ் மாதிரி வெள்ளை, பெட்ரோல் போதாத நிறம். அவள் அதை நெடுநேரம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது இனிமேல் கார்புரேட்டர்தான்.

தள்ளிக்கொண்டு வந்த வண்டியைப் பார்த்ததும் தம்பி பக்கத்தில் வரவில்லை. கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றான். அவள் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டைத் திருகி எடுத்தாள். நகத்தளவு பித்தளைத் துண்டு. அதில் பொறித்திருந்த துளை எண் அவள் போட்டதைவிடச் சின்னது; துளை சிறுத்தால் பெட்ரோலும் குறையும்.

"நீதான் மாத்தினியா?"

"ஆமா. இந்த சீசன் ஆரம்பத்துல."

"அப்போ பிளக்?"

"திரும்பி வர்றப்போ உருட்டி உருட்டி மெதுவா வருவேன்." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "நிறம் வந்துடும். நீ சொன்னதுதானே."

அடித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஒவ்வொரு முறையும் அந்தப் பிளக்கை வெயிலில் பிடித்துத் தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டது ஞாபகம் வந்து உடம்பு கூசியது. பக்கத்திலேயே நின்று, வாய் கூசாமல் நல்லா இருக்குல்லக்கா என்று கேட்டவன் இவன்.

"ஏன்டா? கேட்டிருந்தா என்னடா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவ." தலையை நிமிர்த்தினான். "ஓட்டிப் பாத்தல்ல? பொய் சொல்லாம சொல்லு. எப்படி இருந்துச்சு?"

அவள் கையிலிருந்த ஜெட்டைத் துணியில் துடைத்தாள். பிறகு, "நல்லா இருந்துச்சு" என்றாள்.

"அவ்வளவுதான்க்கா. இன்னும் ஒரே ஒரு பந்தயம். தாங்காதா?"

"தாங்கலாம். தாங்காமயும் போகலாம். எனக்குத் தெரியலடா. யாருக்கும் தெரியாது."

"அப்போ தாங்கும்னு வெச்சுக்கோயேன். இந்த ஒரு தடவை முன்னால போய்ட்டு வந்துடறேன். அப்புறம் நீ எதைப் போட்டாலும் சரி."

ஒலிபெருக்கி இறுதிப் பந்தய வண்டிகளை அழைத்தது. அக்கா கருவிப்பெட்டியிலிருந்து பழைய அளவு ஜெட்டைத் தேடி எடுத்தாள். அதைப் பூட்டத்தான் குனிந்தாள். கோபம் மூக்குக்கு மேல் நின்றது. மாற்றினால் இவன் இன்னொரு நாள் அவளுக்குத் தெரியாமல் மறுபடி மாற்றுவான், மறுபடி உருட்டிக்கொண்டு வருவான், அவளும் மறுபடி பார்த்துப் பூரித்துப்போவாள். அவன் கையைப் பிடித்து இழுத்து, இரண்டு ஜெட்டையும் உள்ளங்கையில் வைத்தாள்.

"உன் உயிரு. எது வேணுமோ நீயே பூட்டிக்கோ."

திரும்பிப் பார்க்காமல் கம்பி வேலிவரை நடந்தாள். பாதி வழியிலேயே தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. திரும்பிப் போய் அவன் கையிலிருந்து பிடுங்க வேண்டும், சாவியைப் பிடுங்க வேண்டும். ஆனால் வீம்பு காலைப் பிடித்துக்கொண்டது. வேலியருகே போய்த் திரும்பியபோது அவன் எஞ்சின்மேல் கவிழ்ந்திருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. அவள் வேண்டாத தெய்வமில்லை.

சற்று நேரத்தில் மூடியைச் சாத்தினான். எஞ்சின் உறுமியது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பயனில்லை. நின்ற இடத்தில் உறுமுகிற எஞ்சினில் அந்த ஜெட்டுக்கு வேலையே கிடையாது. பெரியதானாலும் சின்னதானாலும் ஒரே குரல்தான். எதைப் பூட்டினான் என்பது முழு வேகத்தில் போகும்போதுதான் தெரியும்.

வண்டிகள் வரிசையில் நின்றன. கொடி இறங்கியது. தூசிக்குள் எல்லாம் ஒன்றாக மறைந்து, முதல் வளைவுக்கு அப்பால் ஒவ்வொன்றாக வெளிவந்தன. தம்பியின் வண்டி நடுவில் இருந்தது. அது நேர்ப்பாதைக்குத் திரும்பியபோது அக்கா இரண்டு கைகளாலும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கேட்பதற்காகக் கண்களை மூடினாள்.