வால் தைத்த "மாட்டேன்"

செண்பகவடிவின் சொற்களுக்கு வால் முளைப்பது நின்றுபோயிருந்தது. வாலில்லாத சொல் யார் காதுக்கும் போய்ச் சேராது. உதட்டைத் தாண்டியதும் தரையில் விழுந்து செத்துப்போகும். வால் என்றால் வேறொன்றுமில்லை, வரிசையாகக் கோத்த அகரங்கள். அவற்றைத் தைப்பது ஒரு நொதி. அந்த நொதியை உண்டாக்கும் மரபணு அவளுடைய பதினான்காம் குரோமோசோமில் குடியிருந்தது.

மற்றதையெல்லாம் அவள் ஜாடையிலேயே சமாளித்துவந்தாள். ஆனால் விடிந்தால் நிச்சயதார்த்தம். "மாட்டேன்" என்று பல தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. எல்லாம் அப்பாவின் காலடியில்தான் விழுந்து கிடந்தன. "மூச்சு விடல பாரு, பிள்ளைக்குப் பூரண சம்மதம்" என்று அவர் கல்யாணத்துக்கு மண்டபமே பிடித்துவிட்டார். செண்பகவடிவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு தனக்குள்ளேயே இறங்கிப் போனாள்.

உள்ளே பேச வால் தேவையில்லை. அங்கே அந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள், இரண்டு வீடுகள். அப்பா கொடுத்த மரபணு கதவைப் பாதி திறந்து, "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சாத்திக்கொண்டது. அம்மா கொடுத்த மரபணு சுருண்டு படுத்திருந்தது. அவள் உலுக்கி எழுப்பினாள்.

"என்னட்டி?"

"ஒரு சொல்லுக்கு வால் வேணும்."

"எவ்வளவு நீளம்? ஒவ்வொருத்தரா கேக்கக் கேக்கத் தேயும், தெரியும்லா?"

"கடைசி ஆள் கேட்டு முடிக்கிற வரைக்கும். தைக்காம இங்கருந்து நகர மாட்டேன்."

மரபணு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நொதியைக் கூப்பிட்டது.

மறுநாள் தட்டு மாற்றும் நேரத்தில் செண்பகவடிவு வாயைத் திறந்தாள். "மாட்டேன்" வெளியே வந்து வீட்டுக் கூடத்தைச் சுற்றியது. பின்னாலேயே வால் வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை சேலையைச் சற்றுத் தூக்கி வழிவிட்டாள். மாப்பிள்ளை கேட்டார், மாமாக்கள் கேட்டார்கள், அப்பாவும் கேட்டார். தட்டுகளை எடுத்துக்கொண்டு, வாலை மிதிக்காமல் தாண்டி, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் தாங்கள் வந்த வேனுக்குப் போனார்கள்.

கேட்க ஆளில்லாமல் ஒரு பாகம் வால் மிஞ்சிக் கிடந்தது. அம்மா அரிவாள்மணையைக் கொண்டுவந்து அதை நறுக்கினாள். பீரோவில் முகூர்த்தப் புடவைக்கு அடியிலிருந்து, தன் கல்யாணத்தன்று விழுந்த சொல்லை எடுத்தாள். தூசி தட்டி, அதில் வாலைத் தைத்தாள். அதுவும் "மாட்டேன்"தான். நேரே அப்பாவிடம் போயிற்று.

அப்பா முழுவதும் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். வேனில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது.