பூண்டு மணத்த கெண்டை

அக்டோபர் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால். மேகம் தாழ்ந்திருந்தது; காற்று நீரைச் சிலிர்க்கவைக்கும் அளவுக்கே வீசியது; ஆறு கலங்கவுமில்லை, கண்ணாடியாய்த் தெளிந்திருக்கவுமில்லை. தூண்டில்காரர்கள் வேண்டிக்கொண்டாலும் கிடைக்காத காலையில் தூண்டில் சங்கத்தின் ஆண்டு மீன்பிடிப் போட்டி தொடங்கியது.

நண்பகல்வரை ஒரு மிதவையும் அமிழவில்லை. மீன்கள் இல்லாமலில்லை, நடு ஆற்றில் முதுகு காட்டிப் புரண்டன. இரையைத்தான் தீண்டவில்லை. போட்டியாளர்களில் தையல்காரர் ஒருவர் மட்டும் ஒரு கெண்டையை இழுத்தார். அதுவும் வாயில் சிக்கியதன்று. கொக்கி மீனின் முதுகுத் துடுப்பில் மாட்டியிருந்தது.

பழி சுமக்க ஆள் தேட அதிக நேரம் ஆகவில்லை. கரையில் இரை மாவு விற்ற கடைக்காரிதான் கெட்டுப்போன மாவைத் தலையில் கட்டிவிட்டாளாம். அவளுடைய கடை அனுமதியை நீக்கச் சங்க அறையில் குழு கூடியது. தீர்மானம் எழுதப் பேனாவைத் திறந்தவர் செயலாளர். அவளுடைய கணவனின் தம்பி. கணவன் இறந்தபின் அவள் யார் கையையும் எதிர்பாராமல் நின்றது அந்த எட்டடிக் கடையால்தான். அது கொழுந்தனுக்கும் தெரியும்.

அவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போட்டிக்கு முந்திய நாள் ஆற்றில் இரை போடக் கூடாது என்பது சங்கத்தின் விதி. முந்திய நாள் மாலை இதே மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து, யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சி, மூட்டை மூட்டையாக மாவு வாங்கிப்போனார்கள். தன் இடத்தில் மீனைப் பழக்கிவைக்கும் தந்திரம் தனக்கே தோன்றியதாக ஒவ்வொருவருக்கும் நினைப்பு. வியாபாரம் சூடுபிடித்த மகிழ்ச்சியில் அவளும் யோசிக்கவில்லை. ஊரே கூடி விருந்து வைத்தால் மறுநாள் எந்த மீன் வாயைத் திறக்கும்?

வாடிக்கையாளரின் இரகசியத்தை விற்கும் வழக்கம் அவளுக்கில்லை. தையல்காரரின் கெண்டையை எடுத்துவந்து, குழுவின் மேசையிலேயே வைத்துக் கிழித்தாள். குடல் முழுக்க மாவு. முதலில் பூண்டு மணம் எழுந்தது. தலைவர் கைக்குட்டையைத் தேடினார். அடுத்துச் சோம்பு, செயலாளரின் பேனா நின்றது. தம் மாவில் தாம் கலந்த வாசனையை அவரவர் அறிந்தார்கள். மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “சரி விடும்மா. இயற்கைக் காரணத்தால மீன் கடிக்கலைன்னு எழுதிடுவோம். உன் கடையும் இருக்கட்டும்.”

“இயற்கை எந்த அம்மியிலங்க பூண்டு அரைச்சுது?”

யாரோ சிரிப்பை இருமலாக்கினார். கொழுந்தன் குனிந்தபடி சொன்னார்: “அண்ணி, கெடைச்சதை வாங்கிக்கிட்டுப் போங்களேன்.”

“மாவு கெட்டுப்போச்சுன்னு கரை முழுக்கச் சொன்னது நீ. கெடலைன்னும் நீயே எழுது, தம்பி. அதுவரைக்கும் இந்த மீன் இங்கேயே கெடக்கட்டும்.”

அறை சிறியது, சன்னல் ஒன்றே. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எழுதியதை அடித்துவிட்டுக் கொழுந்தன் புதிதாக எழுதினார்: மாவில் குறையில்லை, உறுப்பினர்கள் விதியை மீறி முந்திய நாளே மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டார்கள், போட்டி செல்லாது, கடை தொடரும். தலைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையெழுத்திட்டார். கொழுந்தன் தன் கையெழுத்தையும் போட்டு, தாளை இரு கைகளாலும் அண்ணியிடம் நீட்டினார்.