சரஸ்வதி முன்னால் நாலு குதிரை

சரஸ்வதி பூசையன்று காலையில் மலாயாவின் சிகாமட் ரயில் நிலையத்தில் டிக்கெட் எழுதும் கிராணி கந்தப்புவுக்குப் பெருமை தலைக்கேறியது. பேனா, புத்தகம் அடுக்கிய பீடத்தில் தன் வெண்கலப் பதக்கத்தையும் வைத்துவிட்டார். பழைய கிரேக்க நாணயத்தைப் பார்த்து இந்தக் காலத்துப் பாரிஸ்காரன் ஒருவன் செய்தது: நடுவில் பெண்முகம், சுற்றிலும் ஓங்கில் என்னும் டால்பின் மீன்கள்; பதக்கம் சேர்ப்பவர்கள் பேச்சில் 'மீன்காரி'. "கலைதானே, அம்மாளுக்குப் பிடிக்கும்" என்றார். உண்மையில் பூசைக்கு வரும் அயலவர்கள் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை.

மத்தியானம் தந்தி வந்தது. ஜொகூர் பாரு சாமுவேல், இவரைப் போலவே பதக்கப் பைத்தியம், கோலாலம்பூருக்கு மாற்றலாகி மாலை வண்டியில் இந்த வழியாகப் போகிறார். "மீன்காரியைக் கொண்டு வாரும், தேரைத் தருகிறேன்." நாலு குதிரை பூட்டிய தேர்ப் பதக்கம்! கந்தப்பு கனவிலும் கெஞ்சிய பொருள்.

பூசையறைக்கு ஓடினார். மனைவி ஞானேஸ்வரி குறுக்கே நின்றாள்.

"பூசையில வைச்சதை நாளைக்கு விடியத்தான் எடுக்கலாம்."

"இது ஒண்டை மட்டும், ஞானம்! பின்னேர வண்டியில சாமுவேல் வாறார்!"

"காலமை உங்கட அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொல்ல, 'பேனா பூசையில' எண்டு சொன்னது ஆர்? பேனாவுக்கு ஒரு சட்டம், இதுக்கு ஒரு சட்டமோ?"

கந்தப்புவின் சோம்பலே அவர் காலை வாரியது.

"அந்த மனுசனை இறக்கிக் கொண்டு வாங்கோவன். நாளைக்கு வண்டி இல்லையோ? டிக்கெட் குடுக்கிறதே நீங்கள்தானே!"

வண்டி வந்து நின்றதும் கந்தப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடினார். ஒரு ஜன்னலில் சாமுவேலின் தொப்பி.

"எங்க காணும் மீன்காரி?"

"பூசையில இருக்கிறா! நாளைக்குத்தான் வருவா! நீர் இறங்கும்!"

பக்கத்து ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. "அலமாக், கடவுளே! விசர் பிடிச்சிட்டுதோ உமக்கு?" என்றார் சாமுவேல். ஊதல் கேட்டது. அடுத்த நொடி முதலில் பெட்டி வெளியே விழுந்தது, பின்னால் சாமுவேல்.

வீட்டுப் பூசைப் பீடத்தில், நெற்றியில் குங்குமத்தோடு மீன்காரி. சாமுவேல் சட்டைப் பையிலிருந்து மெதுவாகத் தேரை எடுத்தார். கந்தப்புவின் கை நீண்டது. அதற்கு முன்னே ஞானேஸ்வரியின் தாம்பாளம் நீண்டது.

"அதையும் இதில வையுங்கோ, தம்பி."

தேவாலயம் போகும் வேதக்காரரான சாமுவேலுக்கு என்ன தெரியும், மரியாதையாக வைத்துவிட்டார். அவ்வளவுதான், தேரும் விடியும்வரை சரஸ்வதியின் காவலுக்குள் போயிற்று.

விடிவதற்குள் இருவரும் குளித்துத் தலைசீவி, பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளைகள் போல நின்றார்கள். ஞானேஸ்வரி தீபம் காட்டி முடித்துத் தேரை எடுத்துக் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள். நாலு குதிரைக்கும் மறக்காமல் குங்குமம் வைத்திருந்தாள். கந்தப்புவின் கண் கலங்கியது.

"இந்தாங்கோ, இதையும் பிடியுங்கோ" என்று மற்றக் கையில் பேனாவை வைத்தாள். "முதல்ல அம்மாவுக்குக் கடிதம்."